அங்கே போய்த் தட்டு

இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. பூங்கொடியின் வலது கை பிங்கியின் முதுகில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காதுகள் இரண்டும் பீரோவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. மணி பன்னிரண்டே முக்கால். காப்பகத்தில் பிள்ளைகள் தூங்கும் நேரம். ஜன்னல்களுக்கு நீலத் துணியை இழுத்துவிட்டாயிற்று, மின்விசிறியை இரண்டில் வைத்தாயிற்று, பாயில் வரிசையாகப் போட்ட பிள்ளைகள் ஒன்றொன்றாகக் கண் சொருகிக்கொண்டிருந்தன. பிங்கி ஒரிசாக்காரக் குழந்தை. இரண்டு வயது. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் நூல்மில்லில் வேலை. தமிழில் கொஞ்சினாலும் அதற்கு ஒன்றுதான், திட்டினாலும் ஒன்றுதான், முதுகில் ஒரு கை இருந்தால் போதும். இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளை தன் பங்குக்கு வந்ததே என்று வேறு நாளாயிருந்தால் பூங்கொடி சந்தோஷப்பட்டிருப்பாள். இன்றைக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது. பீரோவுக்கு அந்தப் பக்கம் கூடப் படிக்கிற ஜெபராணியின் மடியோரமாகப் படுத்திருப்பது பூங்கொடி பெற்ற பிள்ளை. மூன்று வயது தன்ஷிகா. தாய் தன் பிள்ளை இருக்கும் பக்கம் உட்காரக் கூடாது என்பது காப்பகத்தை நடத்துகிற இந்தப் பயிற்சி நிலையத்தின் சட்டம். தாயைப் பார்த்தால் பிள்ளை அழும், தாய்க்கும் மற்றப் பிள்ளைகள் மேல் கண் நிற்காது என்று வசந்தகுமாரி டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் கூடத்தின் நடுவில் இரண்டு இரும்பு பீரோக்களை நிறுத்திக் கூடத்தை இரண்டாக்கியும் விட்டார். காலையில் வாசலில் விட வேண்டியது, சாயங்காலம் வாசலில் எடுத்துக்கொள்ள வேண்டியது. இடைப்பட்ட நேரத்தில் அம்மா பத்தடி தள்ளித்தான் இருக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரியவே கூடாது. பாடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, தும்மல் வந்தால்கூட முந்தானைக்குள். எட்டு மாதமாகப் பூங்கொடி அந்த பீரோவுக்குப் பின்னால் ஊமையாக இருக்கிறாள். இதில் எதிர்ச் சுவரில் பச்சைப் பெயின்டில் ஆளுயரத்துக்கு எழுதி வேறு வைத்திருக்கிறார்கள், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று. தானே எங்கே வளர்கிறது? ஜெபராணி கையில் வளர்கிறது.

இன்றைக்கு அந்த எழுத்துக்குக் கீழே நாற்காலி போட்டு ஒரு மேடம் உட்கார்ந்திருக்கிறார். சென்னையிலிருந்து வந்த திட்ட அலுவலர். குழந்தைக் காப்பகங்களில் வேலைக்குப் போகப் படிக்கிறவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. இரண்டாம் வருஷப் படிப்பு முழுக்க அது தாங்கிக்கொள்ளும், மாதாமாதம் கைக்கும் வரும். ஆனால் இந்த நிலையத்துக்கு ஒரே ஓர் இடம். ஒன்பது பேர் படிப்பதில் ஏழு பேர் தேர்விலேயே ஒதுங்கிவிட்டார்கள். மீதி பூங்கொடி, ஜெபராணி. இந்த இருவரில் யார் என்பதை மேடம் நேரில் பார்த்துச் சொல்வாராம், அதுவும் தூங்கும் நேரத்தில் பார்த்து. சாப்பாடு ஊட்ட யாராலும் முடியும், விளையாட்டுக் காட்ட யாராலும் முடியும், தூங்க வைக்கிறபோதுதான் கையின் குணம் தெரியும் என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். கையின் குணமாம். இந்தக் கைக்கு என்ன குணம்? பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் பேக்கிங் மேஜையில் நின்ற கை. இடது பக்கம் மடி, வலது பக்கம் மடி, ஒரு மூச்சு, மேலே ஒரு தட்டு, அடுத்தது. பஞ்சுத்தூசி மூக்கில் ஏறி, இரவு இருமி, கால் வீங்கி, தன்ஷிகா வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரைக்கும் நின்றுகொண்டே மடித்தது. பிள்ளை பிறந்ததும் முதுகில் கை வைத்தால் அதே கணக்குத்தான் வந்தது. இரண்டு, நிறுத்தம், ஒன்று. பிள்ளை வயிற்றுக்குள்ளிருந்தே அதைக் கேட்டுப் பழகியிருக்குமோ என்னவோ. மறுபடி அந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலே பூங்கொடிக்கு முழங்காலில் வலி எடுத்துவிடுகிறது. வீட்டுக்காரர் போன வாரம் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே முடிவாகச் சொல்லிவிட்டார். "ஏம்புள்ள, கவர்மென்ட்டு குடுத்தாப் படி, நான் வேண்டாங்கல. குடுக்கலீன்னா ஒண்ணாந்தேதியிலிருந்து கம்பெனிக்கே போயிக்கலாம். பாப்பாவ எங்கக்கா பாத்துக்கும்." கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் சொன்னதுதான், அவ்வளவே. அவருடைய அக்காவோ டிவியைப் போட்டுவிட்டுப் பிள்ளையை அதன் முன்னால் உட்கார்த்திவிட்டால் பிள்ளை வளர்த்தாயிற்று என்று நினைக்கிற ஆள்.

ஜெபராணிக்கு என்ன போயிற்று? ஒண்டிக்கட்டை. இருபத்து மூன்று வயது. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கிக்கொண்டு, மத்தியானம் தயிர்சோறும் ஒரு மிளகாயும் தின்றுவிட்டு, அதற்கே கன்னம் பளபளவென்று இருக்கிறாள். அவளுக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான், அவளுக்கும் இந்த உதவி இல்லையென்றால் படிப்பு நின்றுவிடும். அது பூங்கொடிக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருக்குமா? பெற்றவளுக்கு வராதது பெறாதவளுக்கு எப்படி வருகிறது? முதல் வாரம் தன்ஷிகா இந்தக் கூடமே அதிர அழுதாள். பீரோவுக்குப் பின்னால் பூங்கொடி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மார்பில் பால் நின்று ஒரு வருஷம் ஆகியும் ரவிக்கை நனைந்த மாதிரி இருந்தது. இரண்டு பேர் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அப்புறம் ஜெபராணியிடம் கொடுத்தார்கள். அவளிடம் போன மூன்றாம் நாள் அழுகை நின்றது. நிற்கட்டும், நல்லதுதான். ஆனால் அப்படியா நிற்கும், குழாயைத் திருகிய மாதிரி? அதற்குப் பிறகு தினமும் ஐந்தே நிமிஷம், பிள்ளை தூங்கிப்போகிறது. டீச்சர் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார், பாருங்கள், ஜெபராணியின் கையைப் பாருங்கள் என்று. பூங்கொடியும் ஒருநாள் பீரோ இடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. கழுதை, என் தட்டையும் திருடிவிட்டாளே. பிள்ளையை எடுத்துக்கொண்டது போதாதென்று கையையும் எடுத்துக்கொண்டாளே. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதுதான். யாரிடம் போய்ச் சொல்வது? என் முதுகுத் தட்டைக் காணோம் என்று போலீஸிலா எழுதிக் கொடுப்பது?

இரண்டு, நிறுத்தம், ஒன்று. பிங்கியின் எச்சில் பாயில் வட்டமாக இறங்கியிருந்தது. பினாயில் வாசமும் பருப்புசாத வாசமும் கலந்து கூடம் முழுக்க ஒரு மந்தம். இடது கால் மரத்துப் போயிற்று, மாற்றிப் போட்டால் பாய் சரசரக்கும், மேடம் பார்ப்பார், வேண்டாம். திருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான் பிள்ளையும் அவளும் வீட்டில் சேர்ந்து படுக்கிற மத்தியானம். வாரம் முழுக்க அதற்காகக் காத்திருந்து, கஞ்சி போட்ட புதுப் புடவையை மாற்றிப் பிள்ளைக்குப் பிடித்த பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் படுத்து, முதுகில் கையை வைத்தால், தன்ஷிகா அந்தக் கையைத் தள்ளிவிடுகிறாள். "இங்க வேண்டாம்மா." பிறகு எங்கே கண்ணு என்றால் தலைமாட்டில் நிற்கிற பீரோவைக் காட்டுகிறாள். "அங்க போ. அங்க போய்த் தட்டு." போ என்கிறது. பெற்ற பிள்ளை, மூன்று வயது, எழுந்து போ என்கிறது. முதல் தடவை பூங்கொடி சிரித்து மழுப்பினாள். இரண்டாம் தடவை கோபம் வந்து தொடையில் ஒன்று வைத்தாள், பிள்ளை அழுதுகொண்டே தூங்கிற்று, இவள் அழுதுகொண்டே பாத்திரம் விளக்கினாள். அப்புறம் எத்தனையோ ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போ. ஜெபா மிஸ் வந்து பக்கத்தில் படுத்தால் அப்படிச் சொல்லுமா? அவளை ஒட்டிக்கொள்ளும், அவள் கழுத்தில் கையைப் போட்டுக்கொள்ளும், அவள் தலையின் தேங்காய் எண்ணெய் வாசத்தில் மூக்கை வைத்துக்கொள்ளும். பூங்கொடி இதையெல்லாம் பார்த்ததில்லை. பார்க்காததையெல்லாம் மனசு எவ்வளவு நன்றாகப் படம் வரைந்துவிடுகிறது.

அப்புறம் அந்தக் காது விஷயம். பீரோ இடுக்கு வழியாகப் பார்த்த அன்றைக்கே அதையும் பார்த்தாள். தட்டத் தொடங்குவதற்கு முன்னால் ஜெபராணி குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொல்கிறாள். ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். பிள்ளை உடனே அசையாமல் கண்ணை மூடிக்கொள்கிறது. என்ன சொல்கிறாள்? கேட்டுப் பார்த்தாள் ஒரு தடவை, கைகழுவும் இடத்தில், சும்மா கேட்கிற மாதிரி. "ஏன் ஜெபா, பாப்பா காதுல என்னமோ சொல்றியாமா?" அந்தப் பெண் ஈரக் கையோடு நின்று ஒரு மாதிரி விழித்தாள். "ஒண்ணும் இல்லக்கா. சும்மா." சும்மாவா? சும்மா சொன்னதற்குப் பிள்ளை பயந்துபோய்க் கண்ணை மூடுமா? பூச்சாண்டி வருவான் என்றிருப்பாள். அம்மா விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றிருப்பாள். ஆமாம், அதுதான், அம்மா வரமாட்டாள் என்று சொல்லிச் சொல்லித்தான் பிள்ளை வீட்டில் என்னை அங்கே போ என்கிறது. நினைக்க நினைக்க அது நடந்தது போலவே ஆகிவிட்டது. இன்று காலையில் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுத வேண்டும். டீச்சர் வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, பூங்கொடி கைக்கு ஜெபராணி, ஜெபராணி கைக்குப் பூங்கொடி. ஏழாவது கேள்வி: குழந்தையைத் தூங்க வைக்கப் பயமுறுத்தல், மிரட்டல் உண்டா? பேனா அந்தக் கேள்வியில் நின்றது. சாம்பார் கொதிக்கிற வாசம் வந்தது நினைவிருக்கிறது. அப்புறம் எழுதினாள், உண்டு, காதில் ரகசியமாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார். எழுதிய கையோடு மடித்துக் கொடுத்துவிட்டாள். பொய்யா? பொய் என்று எப்படிச் சொல்ல முடியும், அவள் சொன்னது எனக்குத் தெரியாதே. நிஜம் என்று எப்படிச் சொல்ல முடியும், அதுவும் தெரியாதே. நெருப்பு என்று எழுதினால் தாள் வெந்துவிடுமா? தாள் வேகவில்லை. காலையிலிருந்து இவள்தான் வெந்துகொண்டிருக்கிறாள்.

அவள் என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள்? இது இப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் கை ஒரு தட்டைத் தவறவிட்டுப் பிடித்துக்கொண்டது. போன செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் தன்ஷிகாவுக்குக் காய்ச்சல், இவளுக்குத் தூக்கமில்லை, மத்தியானம் தட்டிக்கொண்டிருக்கும்போதே அசந்துவிட்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது. விழித்தபோது கை பிங்கியின் முதுகில் அப்படியே கிடந்தது, பீரோ இடுக்கில் ஜெபராணியின் முகம். பார்த்துவிட்டாள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள், அந்தப் பக்கம் அவள் கை மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது, நான் தூங்கமாட்டேன் என்று காட்டுவது போல. அதை எழுதியிருப்பாள். வேலை நேரத்தில் உறங்குகிறார். நானாயிருந்தால் எழுதியிருப்பேன். நிச்சயம் எழுதியிருப்பாள், அப்படி எழுதியிருந்தால் நான் எழுதியதற்கும் அதற்கும் சரியாகப் போயிற்று. எழுதியிருக்கட்டும் சாமி, எழுதியிருக்கட்டும். இப்படி வேண்டிக்கொண்டிருக்கும்போதே நாற்காலி கிரீச்சிட்டது. மேடம் எழுந்துவிட்டார். செருப்பில்லாத பாதம் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடுகிற சத்தம். கையில் படிவங்கள், மேலே இருப்பது பூங்கொடியின் கோணல் எழுத்து. தன் பக்கம் வருவார் என்று முதுகை நிமிர்த்தினாள். வரவில்லை. பீரோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

கூடத்தில் ஒரு பிள்ளையும் விழித்திருக்கவில்லை, அதனால் மேடம் எவ்வளவு மெதுவாகக் கேட்டும் ஒவ்வொரு சொல்லும் இரும்பைத் தாண்டி வந்தது.

"இந்தப் பிள்ளை காதுல தினம் என்ன சொல்வீங்க?"

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது. பூங்கொடியின் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. பயமுறுத்தறதா எழுதியிருக்காங்க."

"பயமுறுத்தலை மேடம்." ஜெபராணி சொன்னாள். "அம்மா தட்டுதாங்க, கேளு. அதான் சொல்லுவேன்."

"எந்த அம்மா?"

"இந்தப் பிள்ளைக்க அம்மா, மேடம். பூங்கொடியக்கா. பீரோவுக்கு அந்தாலதான் இருக்காங்க."

"அம்மா இருக்கிறது குழந்தைக்குத் தெரியக் கூடாதுன்னு இங்க விதி இல்லையா?"

"விதி உண்டு மேடம். ஆனா நான் சொல்லலை. மூணாம் நாளே பிள்ளைதான் என்கிட்டச் சொல்லுச்சு, அது எங்கம்மா தட்டுறதுன்னு. அதைக் கேட்டுட்டுத்தான் அழுகைய நிறுத்துச்சு. இல்லன்னு பொய் சொல்ல எனக்கு மனசு வரலை. டீச்சருக்குத் தெரிஞ்சா அக்காவ வேற அறைக்கு மாத்திருவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை, அக்காகிட்டயும் சொல்லலை. நானும் அதே மாதிரி கூடத் தட்டுவேன். அக்கா எப்பவாச்சும் அசந்துட்டா, பிள்ளைக்குத் தெரியக் கூடாதுல்லா."

பூங்கொடியின் கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அங்கே போய்த் தட்டு. போ என்று சொல்லவில்லை பிள்ளை. தட்டு என்று சொல்லியிருக்கிறது. எட்டு மாதமாக எங்கிருந்து கேட்டுத் தூங்குகிறதோ அங்கிருந்து தட்டு என்று, தனக்குத் தெரிந்த மூன்று சொல்லில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல். அதற்குத் தொடையில் ஒன்று வைத்தேனே. கூடம் இப்போது உண்மையிலேயே நிசப்தமாக இருந்தது, அந்தப் பக்கம் கை இல்லை, இந்தப் பக்கம் கை இல்லை. அந்த நிசப்தத்தில் பாய் சரசரத்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு சின்னக் குரல், "ம்மா?" என்றது.

பூங்கொடி தட்டினாள். இரண்டு, நிறுத்தம், ஒன்று. முதலில் கோணலாக விழுந்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. இரண்டு, நிறுத்தம், ஒன்று. அந்தப் பக்கம் பாய் அடங்கிற்று.

மேடம் பீரோவைச் சுற்றி வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படிவத்தைத் தரையில் வைத்தார், பேனாவை நீட்டினார். "இதுல கையெழுத்துப் போட மறந்துட்டீங்க. போட்டாத்தான் நான் இதை எடுத்துக்க முடியும்."

ஏழாவது கேள்வி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. போட்டுவிடலாம். விதியை மீறியதாக அவளே வாயால் ஒப்புக்கொண்டாயிற்று, இந்தக் கையெழுத்தும் சேர்ந்தால் அவள் கதை முடிந்தது, இடம் இந்தப் பக்கம் வந்துவிடும். பேக்கிங் மேஜை இல்லை, பஞ்சுத்தூசி இல்லை, பிள்ளை டிவி முன்னால் உட்கார வேண்டாம். ஒரே ஒரு கையெழுத்து. நான்கு விநாடி.

"கையை எடுத்தா முழிச்சுக்குமுங்க மேடம்."

மேடம் பிங்கியைப் பார்த்தார். வாய் திறந்து, எச்சில் வழிந்து, கால் ஒருபக்கமும் கை ஒருபக்கமுமாகக் கிடந்தது அது. "இதுவா? மேளம் அடிச்சாலும் முழிக்காது போலிருக்கே."

"இது இல்லீங்க."

பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஏழாவதுல எழுதுனது பொய்யுங்க மேடம்," என்றாள் பூங்கொடி. "அவ என்ன சொல்றான்னு தெரியாமயே எழுதிட்டேன். பொறாமையில எழுதுனது. அந்தப் புள்ள நல்லா பாத்துக்கிறா. அவளுக்கே குடுத்துருங்க."

மேடம் பேனாவை மூடினார். படிவத்தை நான்காக மடித்தார். எழுந்து போகும்போது அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒன்றாம் தேதி எந்த மேஜைக்கு முன்னால் நிற்கப் போகிறோம் என்பது பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்பார்களே, அதுவும் ஆகவில்லை. வயிற்றில் அதே எரிச்சல்தான் இருந்தது, கொஞ்சம்கூடக் குறையாமல், இன்னும் கூடுதலாகவே. பிள்ளையை எடுத்துக்கொண்டாள், தட்டை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்ததெல்லாம் போய், இப்போது இது வந்து உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளை என் கையைக் கேட்டுத் தூங்குகிறது என்பது எட்டு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஜெபராணி மறுபடி தட்டத் தொடங்கியிருந்தாள். இரண்டு கையும் ஒரே கணக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. நீ நிறுத்துடி, என்று பூங்கொடி மனசுக்குள் சொன்னாள். ஒரே ஒரு தடவை நிறுத்து. நான் மட்டும் தட்டுகிறேன். கெஞ்சலா அதட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. பீரோ இடுக்கில் ஒரு நிழல் குனிந்து இந்தப் பக்கம் பார்த்தது. பிறகு அந்தக் கை நின்றது.

பூங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். பாய் சரசரக்கவில்லை. குரல் வரவில்லை. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. கால் முழுசாக மரத்துவிட்டது, அவள் மாற்றிப் போடவில்லை. பிள்ளைகளை எழுப்பும் மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.